சம்பா நெல்லுக்குத் தழைச்சத்து: யூரியாவா, எருவா, பசுந்தாளா, நானோ புட்டியா?

காவிரிப் பாசனப் பகுதியிலிருந்து ஆடி மாதம் பிறந்தாலே வரும் கேள்வி இது. "யூரியா போடாமல் விட்டால் விளைச்சல் போய்விடும் என்கிறார் உரக்கடைக்காரர். யூரியா போட்டால் மண் செத்துவிடும் என்கிறார் இயற்கை விவசாயம் செய்யும் பக்கத்து வயல்காரர். கூட்டுறவுச் சங்கத்தில் இலையில் தெளிக்கும் திரவமான நானோ யூரியாவைக் கையில் கொடுக்கிறார்கள். நான் யார் பேச்சைக் கேட்பது?"

மூன்று பேரும் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருப்பதுதான் சிக்கல். ஆகவே ஒரு ஏக்கர் சம்பா நெல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, கையில் இருக்கும் வழிகளை ஒரே அளவுகோலால் அளந்து பார்ப்போம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மத்திய, நீண்ட கால ரகங்களுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்தும் (நைட்ரஜன்), மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாஷ்) தலா 50 கிலோவும் பரிந்துரைக்கிறது. ஏக்கருக்கு என்றால் தழைச்சத்து 60 கிலோ. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. 45 கிலோ மூட்டையில் 20.7 கிலோ. முழுவதையும் யூரியாவாகவே போட்டால் ஏறக்குறைய மூன்று மூட்டை.

## எதை வைத்து அளப்பது?

விலையை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் யூரியாவை எதுவும் வெல்லாது. அதனால் ஐந்து விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1. போட்ட சத்தில் பயிருக்குள் எவ்வளவு போகிறது, தேவைப்படும் நேரத்தில் போகிறதா?
2. கூலி, வண்டி வாடகை, உழவு எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு என்ன?
3. பயிர் எடுக்காத மீதி எங்கே போகிறது?
4. மூன்று வருடம் கழித்து மண் எப்படி இருக்கும்?
5. நம் தண்ணீர் முறைக்கும் பட்டத்துக்கும் இது ஒத்துவருமா?

மூன்றாவதுதான் பெரும்பாலும் பேச்சில் விட்டுப்போகிறது. சுற்றுச்சூழல் கேட்டில் பெரும்பகுதி அந்த மீதியில்தான் இருக்கிறது. அதற்கான பணமும் நம் பையிலிருந்தே போயிருக்கிறது.

## வழி 1: யூரியாவை வழக்கப்படி வீசுவது

மூட்டை கடையில் 266 ரூபாய் 50 காசு. ஒரு கிலோ தழைச்சத்து 13 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று அர்த்தம். உண்மை விலை இதைப்போலப் பல மடங்கு. மிச்சத்தை அரசு மானியமாகக் கட்டுகிறது. 2010இல் சத்து அடிப்படையிலான மானியம் (சத்தின் கிலோவுக்கு இவ்வளவு என்று அரசு கொடுக்கும் முறை) வந்தபோது, தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்ந்த உரமான டி.ஏ.பி.யும் பொட்டாஷும் அதற்குள் போயின, யூரியா மட்டும் வெளியே நின்றது. டி.ஏ.பி. மூட்டை 1,350 ரூபாய் என்னும்போது விவசாயியின் கை தானாகவே யூரியாப் பக்கம் போகிறது. அதை விவசாயியின் அறியாமை என்று பேசுவதை நான் ஏற்க மாட்டேன். விலைப் பட்டியல் எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம்தான் யாரும் போவார்கள்.

இதன் பலம் வேகம். பக்கத் தூர்கள் வெடிக்கும் பருவத்தில் வெளிறிப்போன பயிர் நான்கைந்து நாளில் பச்சை கட்டிவிடும். ஒரே ஆள் அரை நாளில் வீசி முடித்துவிடலாம்.

இனி மீதிக்கு வருவோம். நீர் நிற்கும் நெல் வயலில் வீசிய யூரியாவில் பயிர் எடுத்துக்கொள்வது பொதுவாக 30 முதல் 40 சதவீதம். 60 கிலோவில் 36 கிலோவாவது பயிருக்குச் சேரவில்லை. கொஞ்சம் மண்ணில் தங்கும், மற்றது மூன்று வழியாகப் போகும்.

முதல் வழி காற்று. யூரியா தண்ணீரில் கரைந்து இரண்டு மூன்று நாளில் அம்மோனியமாக மாறுகிறது. வயலில் நிற்கும் தண்ணீரில் பாசி இருக்கும். வெயில் ஏற ஏற அது கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் நண்பகலில் தண்ணீரின் காரத்தன்மை கூடுகிறது. அந்த நேரத்தில் அம்மோனியம் அம்மோனியா வாயுவாகி மேலே எழும்பும். முழங்கால் அளவு தண்ணீரில் பகல் பதினோரு மணிக்கு உரம் வீசினால் நடப்பது இதுதான்.

இரண்டாவதும் காற்றுதான், ஆனால் இது இன்னும் மோசம். சேற்றின் மேல்தோலில் காற்று படும் மெல்லிய அடுக்கில் அம்மோனியம் நைட்ரேட்டாகிறது. அது காற்றில்லாத கீழ் அடுக்குக்கு இறங்கியதும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து நைட்ரஜன் வாயுவாகவும், ஒரு பகுதியை நைட்ரஸ் ஆக்சைடாகவும் விடுகின்றன. நைட்ரஸ் ஆக்சைடு நூறு வருடக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் சுமார் 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும்.

மூன்றாவது தண்ணீர். சம்பாவுக்கு மேலுரம் (பயிர் வளரும்போது போடும் உரம்) போடும் காலமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வருகின்றன. காலையில் வீசி மாலையில் கனமழை கொட்டினால் உரம் வடிகாலில் போய்விடும். அடுத்த குளத்திலும் வாய்க்காலிலும் ஆகாயத்தாமரைக்குத் தீனி போடுவதில் ஊர்ச் சாக்கடையோடு இந்த உரமும் சேருகிறது. நிலத்தடிக்கு இறங்குவது மண்ணைப் பொறுத்தது. திருவாரூர், மன்னார்குடிப் பக்கக் களிமண் சேற்றில் அது குறைவு. வேதாரண்யம் போன்ற மணற்பாங்கான இடத்திலும், நெல்லைத் தவிர்த்து வாழை, கரும்பு, காய்கறி போடும் இடத்திலும் அதிகம். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்திய அளவு. அந்த அளவைத் தாண்டிய தண்ணீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழந்து உடம்பு நீலம் பாரிக்கலாம்.

மறைந்த செலவு பூச்சிமருந்தில் வரும். தழைச்சத்து மிஞ்சிய பயிரின் இலை கருகருவென்று இளசாக இருக்கும். புகையான், இலைச்சுருட்டுப் புழு, குலைநோய் எல்லாம் அங்கேதான் முதலில் இறங்கும். கார்த்திகைக் காற்றுக்கும் அந்த வயல்தான் முதலில் சாயும். சாய்ந்த நெல்லுக்கு அறுவடை இயந்திரம் கூடுதல் மணிநேரம் கேட்கும். மூட்டை 266 ரூபாய் என்ற கணக்கில் இதெல்லாம் சேர்வதே இல்லை.

இந்த வழி சரியாக இருக்கும் நேரமும் உண்டு. சம்பாவுக்கு முந்தைய குறுகிய காலப் பருவமான, நெருக்கிப் பயிர் செய்யும் குறுவையில் மண்ணைத் தயார்செய்ய நாளே இல்லாதபோது, அல்லது வெள்ளம் வடிந்து பயிர் மஞ்சளடித்து நிற்கும்போது, உடனே கைகொடுப்பது யூரியாதான்.

## வழி 2: அதே யூரியா, ஆனால் அளந்து

இதை ஏன் தனி வழியாக எழுதுகிறேன் என்றால், பெரிய செலவில்லாமல் அதிகப் பலன் தருவது இதுதான்.

இலை வண்ண அட்டை என்று ஒன்று இருக்கிறது. உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் பட்டை, அதில் வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை வரிசையாக எண்ணிட்ட கட்டங்கள். நட்ட 14ஆம் நாளிலிருந்து, நேரடி விதைப்பானால் 21ஆம் நாளிலிருந்து, வாரம் ஒருமுறை காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள் வயலில் இறங்க வேண்டும். முழுதாக விரிந்த மேல் இலையை, நம் உடம்பின் நிழலில் பிடித்து, அட்டையோடு ஒப்பிட வேண்டும். இப்படிப் பத்து இடம். வெள்ளைப் பொன்னி ரகத்துக்கு 3ஆம் கட்டம், மற்ற ரகங்களுக்கு 4ஆம் கட்டம் என்பது அளவு. பத்தில் ஆறு இலை அதற்குக் கீழே இருந்தால் ஏக்கருக்கு 26 முதல் 30 கிலோ யூரியா. இல்லையென்றால் அந்த வாரம் உரமில்லை, வீட்டுக்குப் போகலாம்.

இதோடு இன்னும் இரண்டு பழக்கம் சேர வேண்டும். ஒன்று, யூரியா, ஜிப்சம், வேப்பம் புண்ணாக்கு மூன்றையும் 5:4:1 கணக்கில் கலந்து ஒரு இரவு வைத்து, மறுநாள் போடுவது. 2015 முதல் நாட்டில் யூரியா முழுவதும் வேம்பு பூசியே வருகிறது. ஆனாலும் அந்தப் பூச்சு மெல்லியது, புண்ணாக்கு கலப்பது வீணாகாது. இரண்டு, தண்ணீரை வடித்து சீராக்கிய சேற்றில் போட்டு, மறுநாள் தண்ணீர் கட்டுவது.

அப்புறம் டி.ஏ.பி. ஒரு மூட்டை டி.ஏ.பி.யில் மணிச்சத்து மட்டுமில்லை, 9 கிலோ தழைச்சத்தும் இருக்கிறது. ஏறக்குறைய 20 கிலோ யூரியாவுக்குச் சமம். அடியுரமாக அதைப் போட்டவர் யூரியாவில் அந்த அளவைக் கழித்தாக வேண்டும். கழிப்பவர்கள் மிகக் குறைவு.

குறை என்ன? வாரம் ஒரு காலை வயலில் நிற்க வேண்டும். வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு ஆள் வைத்துப் பயிர் செய்பவருக்கு இது நடக்காது. மண்ணின் கரிமத்தையும் இது உயர்த்தாது. வீணாவது குறையும், அவ்வளவுதான்.

## வழி 3: தொழுவுரமும் கிடையும்

பரிந்துரை ஏக்கருக்கு 5 டன் மக்கிய எரு. அதில் தழைச்சத்து அரை சதவீதம் என்று வைத்தால் 25 கிலோ. முதல் பருவத்தில் பயிருக்குக் கிடைப்பது அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. மிச்சம் அடுத்தடுத்த பருவங்களுக்கு. எருவைப் போட்டுவிட்டு அந்த வருடமே யூரியாவை அடியோடு நிறுத்தியவர்கள் பிறகு அந்த முயற்சியைக் கைவிட்டதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். எரு மண்ணுக்குச் சாப்பாடு. பயிருக்கு அது மெதுவாகத்தான் வந்து சேரும்.

பெரிய கேள்வி, எரு எங்கே? உழவுக்கு டிராக்டரும் அறுப்புக்கு இயந்திரமும் வந்தபின் வீட்டில் மாடு இல்லை. வைக்கோல் கட்டாகி லாரியில் போகிறது. வாங்கினால் வண்டி வாடகையும் இறைக்கும் கூலியும் எருவின் விலையைத் தாண்டிவிடும். மக்காத எருவாக இருந்தால் களை விதையும் வேர்ப்புழுவும் இலவசமாக வரும். வெயிலில் குவித்து வைத்த எருவின் தழைச்சத்தில் நல்ல பங்கு அம்மோனியாவாகப் போயிருக்கும். குழியில் போட்டு மண்ணால் மூடியது என்றால் மட்டும் வாங்கலாம்.

டெல்டாவுக்கு இதைவிட நல்லது ஆட்டுக்கிடை. அறுவடை முடிந்த மாசி, பங்குனியில் இராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் (ஊர் ஊராக ஆடு மேய்ப்பவர்கள்) ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். இராத்திரிக்கு இவ்வளவு என்று பேசி வயலில் கிடை போட்டால், புழுக்கையோடு மூத்திரமும் நேராக மண்ணுக்குப் போகிறது. தழைச்சத்தில் நல்ல பங்கு அந்த மூத்திரத்தில்தான். வண்டி வேண்டாம், இறைக்கும் ஆள் வேண்டாம். கிடை பெயர்ந்ததும் ஒரு உழவு ஓட்டிவிட வேண்டும். விட்டுவைத்தால் சித்திரை வெயில் சத்தை எடுத்துவிடும். நெல் தரிசில் உளுந்து, பயறு இருக்கும் வயலுக்கு இது அறுவடைக்குப் பிறகுதான் முடியும், கீதாரியிடம் முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது.

## வழி 4: பசுந்தாள்

தழைக்காகவே ஒரு பயிரை வளர்த்து வயலிலேயே மடக்கி உழுவதுதான் பசுந்தாள். என் மனம் சாய்வது இந்தப் பக்கம். அதனாலேயே இதன் குறைகளைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

கோடை மழையிலோ, மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்ததுமோ ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45ஆம் நாள் பூக்கும் தறுவாயில் மடக்கி உழ வேண்டும். நன்றாக வளர்ந்தால் அந்தத் தழையில் ஏக்கருக்கு 25 முதல் 40 கிலோ வரை தழைச்சத்து இருக்கும், பெரும்பாலும் காற்றிலிருந்து வேர் முடிச்சு பிடித்து வைத்தது. தக்கைப்பூண்டு தண்ணீர் நின்றாலும் தாங்கும், களர் மண்ணிலும் வரும், கடைமடைக்குப் பொருத்தமானது. சணப்பு வேகமாக வளரும், ஆனால் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். கொழிஞ்சியை மாடு தின்னாது, வறட்சி தாங்கும், ஒருமுறை விதைத்தால் உதிர்ந்த விதை அடுத்த வருடம் தானே முளைக்கும். தமிழ்நாடு அரசு 2024-25 முதல் பசுந்தாள் விதைக்கு மானியம் தருகிறது.

செலவு விதை, ஒரு கூடுதல் உழவு, அப்புறம் நாள். மடக்கி உழுதபின் மக்க ஒரு வாரம் பத்து நாள் விட்டு நட வேண்டும். குறுவை போடும் வயலில் இந்த இரண்டு மாத இடைவெளி சாதாரணமாகக் கிடைக்காது. ஒருபோகச் சம்பா வயலில் தாராளமாகக் கிடைக்கும். பூத்துக் காய் பிடிக்கும் வரை விட்டால் தண்டு நார் கட்டி ரோட்டவேட்டரில் சுற்றிக்கொள்ளும், மக்கவும் தாமதமாகும். மழையும் தண்ணீரும் பிந்திய வருடத்தில் இந்தத் திட்டம் முழுதாகவே தவறிப்போகலாம்.

சுற்றுச்சூழல் பக்கத்தில் இயற்கை விவசாயப் பேச்சில் சொல்லப்படாத ஒன்று உண்டு: மீத்தேன். தண்ணீர் நிற்கும் வயலில் புதுத் தழையைப் போட்டால், காற்றில்லாமல் அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. அது நெற்பயிரின் தண்டு வழியாகவே வெளியே வருகிறது. காலநிலை மாற்றத்தை ஆராயும் ஐ.நா. குழுவான ஐபிசிசியின் கணக்கு முறையில், நடவுக்குச் சற்று முன் சேற்றில் மிதிக்கும் வைக்கோலின் விளைவை ஒன்று என்று வைத்தால், பசுந்தாள் அதில் ஏறக்குறைய பாதி, தொழுவுரம் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. ஆக, இயற்கையான பொருள் என்பதாலேயே கேடில்லை என்று சொல்ல முடியாது.

பதில் தண்ணீரில் இருக்கிறது. வயலில் ஓட்டை போட்ட குழாயைப் புதைத்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியபின் மறுபடி தண்ணீர் கட்டுவது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக இப்படிச் செய்தால் மீத்தேன் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைகிறது. ஆனால் வயல் நனைந்து காயும்போது நைட்ரஸ் ஆக்சைடு கூடும், அதனால் யூரியாவைக் குறைத்தவருக்குத்தான் இதில் முழுப் பலன். ஐப்பசி மழையில் தாழ்வான வயலை வடிக்க முடியாது என்பதும் உண்மை. மழைக்கு முந்தைய வாரங்களில் செய்ய முடிந்ததைச் செய்யலாம்.

பசுந்தாள் ஆரம்பத்தில்தான் சத்தை அதிகம் விடும். கதிர் உருவாகும் பருவத்துக்கு அட்டை பார்த்து ஒரு கைத்தாங்கல் யூரியா வேண்டியிருக்கும். இந்தக் கலவையில் மூன்று மூட்டை ஒன்றரை மூட்டையாகும் என்பது என் கணிப்பு. மண் பரிசோதனை முடிவைத் தரும் மண்வள அட்டையில் கரிமம் அடிமட்டத்தில் இருந்தால் முதல் வருடம் இரண்டு மூட்டைக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

## வழி 5: நானோ யூரியா

இங்கே கணக்கு மட்டும் போதும். 2021இல் உரக் கூட்டுறவு நிறுவனமான இஃப்கோ கொண்டுவந்த அரை லிட்டர் புட்டியில் 4 சதவீதம் தழைச்சத்து, அதாவது 20 கிராம். ஒரு மூட்டை யூரியாவில் 20 கிலோவுக்கு மேல். பிறகு வந்த செறிவான புட்டியை 20 சதவீதம் என்றே எடுத்துக்கொண்டாலும் 100 கிராம்தான். பயிருக்குக் கிலோக் கணக்கில் தேவைப்படும் சத்தை, இலை வழியாக எவ்வளவு திறமையாகச் செலுத்தினாலும் கிராம் கணக்கில் ஈடுசெய்ய முடியாது. பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இரண்டு வருட வயல் சோதனையில், நெல்லிலும் கோதுமையிலும் மேலுர யூரியாவைக் குறைத்து நானோ தெளித்தபோது மகசூலும் தானியத்தின் புரதமும் குறைந்தன.

ஒப்பிட ஒன்று: 100 லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ சாதா யூரியா கரைத்தால் 1 சதவீதக் கரைசல். அதில் 460 கிராம் தழைச்சத்து, விலை 6 ரூபாய். டி.ஏ.பி. 2 சதவீதம், பொட்டாஷ் 1 சதவீதம் சேர்த்து இதையே கதிர் உருவாகும் பருவத்தில் தெளிக்கச் சொல்கிறது நம் பல்கலைக்கழகம். காற்றையும் தண்ணீரையும் நானோ அதிகம் கெடுக்காது என்பது சரி. அவ்வளவு சிறிய அளவு எதையும் கெடுக்காது. மூட்டை வாங்கும்போது கூடவே தலையில் கட்டினால் தெளித்துவிடுங்கள், மூட்டைக்குப் பதிலாக மட்டும் எண்ணாதீர்கள்.

## வழி 6: ரசாயனம் அறவே இல்லாமல்

முடியும், ரகத்தை மாற்றினால். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, சீரகச் சம்பா போன்றவை குறைந்த தழைச்சத்தில் வளரப் பழகியவை. யூரியா போட்டால் உயர்ந்து சாய்ந்துவிடும். திருத்துறைப்பூண்டியில் மறைந்த இயற்கை விவசாயி நெல் ஜெயராமன் மீட்டுப் பரப்பிய ரகங்கள் இன்று பல வீடுகளுக்குப் போகின்றன. மகசூல் குறைவு, அதை விலைதான் ஈடுகட்ட வேண்டும். நேரடியாக வாங்கும் ஆள் இல்லாமல் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் அந்த விலை கிடைக்காது. சாணம், கோமியம் சேர்த்துச் செய்யும் கரைசல்களான பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம் இவற்றுக்குத் தனிப் பயன்கள் சொல்லப்படுகின்றன, ஆனால் அவற்றில் தழைச்சத்து சொற்பம். பசுந்தாள், எரு, பயறு என்ற அடித்தளம் இல்லாமல் அவை மட்டும் பயிரைச் சுமக்காது.

ஒரே இரவில் மாறுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இலங்கை சாட்சி. 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தார்கள். மாற்று எருவும் இல்லை, பயிற்சியும் இல்லை. நவம்பரில் தடையைத் தளர்த்துவதற்குள் அங்கே முக்கிய நெல் பருவமான பெரும்போகம் தொடங்கிவிட்டது. அடுத்த அறுவடையில் நெல் கடுமையாக விழுந்து, அரிசி இறக்குமதி செய்ய வேண்டி வந்தது. மாற விரும்புபவர் கால் ஏக்கரில் தொடங்கி, மூன்று நான்கு வருடத்தில் விரிப்பதே நல்லது.

## ஒரே பார்வையில்

| வழி | ரொக்கச் செலவு | பயிருக்குச் சேர்வது | காற்று, தண்ணீர் | மண் | ஏற்ற இடம் |
|---|---|---|---|---|---|
| வழக்கமான யூரியா | மிகக் குறைவு. பூச்சிமருந்து கூடும் | வேகம், வீணும் அதிகம் | அம்மோனியா, நைட்ரஸ் ஆக்சைடு, வடிகால் | மேம்படாது | அவசரம், நெருக்கடியான குறுவை |
| அளந்த யூரியா | இன்னும் குறைவு | வேகம், வீண் குறைவு | பாதிப்பு குறையும் | மேம்படாது | எல்லாருக்கும் |
| எரு, கிடை | எருவுக்கு அதிகம், கிடைக்கு நடுத்தரம் | மெதுவாக, வருடக் கணக்கில் | மக்கியது என்றால் குறைவு | நன்றாக மேம்படும் | மாடு உள்ளவர், தரிசு வயல் |
| பசுந்தாள் | விதை, உழவு, 55 நாள் | தொடக்கத்தில் நல்லது | மீத்தேன். தண்ணீரால் கட்டுப்படும் | மேம்படும் | ஒருபோகச் சம்பா, களர் நிலம் |
| நானோ | நடுத்தரம், தெளிப்புக் கூலி | மிகக் குறைவு | குறைவு | மாற்றமில்லை | கூடுதல் தெளிப்பாக மட்டும் |
| முழு இயற்கை | கூலி அதிகம் | ரகத்தைப் பொறுத்தது | ரசாயன வடிகால் இல்லை. மீத்தேன் உண்டு | மேம்படும் | விற்பனை வழி உள்ளவர் |

## குத்தகை நிலமானால்

சொந்த நிலத்தில் ஒருபோகச் சம்பா செய்பவருக்கு நான் சொல்வது தக்கைப்பூண்டும் இலை வண்ண அட்டையும். அதில் தயக்கமில்லை. ஆனால் டெல்டாவில் பயிர் செய்பவர்களில் பலர் வாய்வழிக் குத்தகையில் இருக்கிறார்கள். எருவுக்கும் பசுந்தாளுக்கும் இந்த வருடம் அவர் போடும் பணத்தின் பலனில் ஒரு பகுதி அடுத்த வருடம் அந்த வயலை யார் வைத்திருக்கிறாரோ அவருக்குப் போகும். அவரை மண்வளம் காக்கச் சொல்லி அறிவுரை சொல்வது நியாயமில்லை. அவர் அளந்த யூரியாவோடு நிற்கட்டும். அட்டை வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டால் கிடைக்கும். நிலத்துக்காரரிடம் பேச முடிந்தால் இரண்டு கேட்கலாம்: பசுந்தாள் விதைக்கும் உழவுக்கும் பாதிச் செலவு, அல்லது மூன்று வருடத்துக்குக் குத்தகையை மாற்றுவதில்லை என்று எழுத்தில் ஒரு உறுதி. இரண்டாவது கிடைத்தால், முதல் வருடமே கீதாரியிடம் கிடைக்கு முன்பணம் கொடுத்துவிடலாம்.